நாவல் படித்துவிட்டா ஓட்டுப் போட்டார்கள்?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். அமெரிக்க இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் இஸ்ரேலைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதற்கும், ஐ.நா. என்றாலே முகம் சுளிப்பதற்கும் 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற நாவல் வரிசைதான் காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அது உண்மையா என்பது ஒன்று. நம்மூர் பெந்தெகொஸ்தே சபைகளில் பேசும் 'இரகசிய வருகை'யும் (இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற நம்பிக்கை) அங்கிருந்து இறக்குமதி ஆனதுதானா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: கதை முந்தியா, அரசியல் முந்தியா? நான் ஓர் இறையியல் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் திருச்சபை வரலாறு பாடம் எடுத்தவன். அமெரிக்காவில் குடியிருந்தவன் இல்லை. அங்குள்ள சபைகளைப் புத்தகம் வழியாகவும், போய்வந்த மாணவர்கள் வழியாகவும்தான் தெரியும். அந்த அளவுக்குள் சொல்கிறேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மூரில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று ஒன்று உண்டு. அதில் வரும் 'சுவிசேஷ'வுக்கு சீர்திருத்த சபை என்பதற்கு மேல் பெரிய அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் இவாஞ்சலிக்கல் என்றால் வேறு: தனி மனிதன் மனந்திரும்பி 'மறுபடியும் பிறக்க' வேண்டும், வேதாகமமே கடைசி வார்த்தை, அதைப் பிறருக்குச் சொல்லியாக வேண்டும் என்று நம்புகிறவர்கள். பாப்டிஸ்டும் இருப்பார், பெந்தெகொஸ்தேக்காரரும் இருப்பார், எந்தப் பெயர்ப்பலகையும் இல்லாத சபைக்காரரும் இருப்பார்.

நாவலின் கரு, அதாவது அந்த வருகையில் கைவிடப்பட்டவர்களின் கதை, எனக்குப் புதிதல்ல. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவன். எட்டு வயது இருக்கும், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலில் இருக்கிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது: கர்த்தர் வந்துவிட்டார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், என்னை விட்டுவிட்டார். முந்தின நாள் பக்கத்து வீட்டு மாங்காய் திருடியது நினைவுக்கு வந்தது. அம்மா அரைப்படி அரிசி கடன் வாங்கப் பக்கத்துத் தெருவுக்கு வெறுங்காலோடு போயிருந்தார்கள், அவ்வளவுதான். இதை வகுப்பில் சொன்னால் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று மாணவர்கள் சிரித்துக்கொண்டே கை தூக்குவார்கள். அவர்களுக்கும் அதே அனுபவம்.

இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தில் வருகிறது. உயிரோடிருக்கும் நாம் 'மேகங்கள்மேல் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்'படுவோம் என்கிறார் பவுல். மத்தேயு 24-இல் வயலில் இருக்கும் இருவரில் 'ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்'. வசனங்கள் பழையவை. ஆனால் இயேசு முதலில் இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார், அப்புறம் ஏழு வருட உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்துவின் (கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புகிறவனின்) ஆட்சி, அதன்பின் பகிரங்க வருகை என்ற கால அட்டவணை பழையதல்ல. 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் கோத்துக் கொடுத்தது. இவர் அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையில் குருவாக இருந்து வெளியேறி, 'பிரதரன்' இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானவர். கத்தோலிக்கரோ லுத்தரனோ இந்த இரண்டு கட்ட வருகையைப் போதிப்பதில்லை. 1862-க்கும் 1877-க்கும் நடுவே டார்பி பலமுறை வட அமெரிக்கா போய்வந்தார். 1909-இல் ஸ்கோஃபீல்ட் என்ற அமெரிக்கர் இந்த அட்டவணையை வேதாகமத்தின் பக்கங்களிலேயே அடிக்குறிப்பாக அச்சிட்டுவிட்டார். மேலே வசனம், கீழே விளக்கம். எங்கே வசனம் முடிகிறது, எங்கே ஸ்கோஃபீல்ட் தொடங்குகிறார் என்பது இரண்டு தலைமுறை கழித்துப் பலருக்கு மறந்தே போனது. நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அடித்தளம் போட்டது அவைதான்.

ஆனால் இந்தப் போதனை ஆரம்பத்தில் ஆட்களை அரசியலை விட்டு விரட்டியது. உலகம் உடைந்துபோன கப்பல், தேவன் என் கையில் ஓர் உயிர்காக்கும் படகைக் கொடுத்து, முடிந்தவரை ஆட்களைக் காப்பாற்று என்கிறார் என்றார் பிரசங்கியார் டி. எல். மூடி. மூழ்கும் கப்பலுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? 1925-இல் டென்னசியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியர் மீது நடந்த வழக்குக்கு அப்புறம், கேலிக்கு ஆளான இந்தக் கூட்டம் தன் வேதாகமக் கல்லூரிகள், வானொலிகள், பதிப்பகங்கள் என்று தனி உலகமாக ஒதுங்கியது. ஒதுங்கியவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்பதுதான் சுவாரசியமான பகுதி. அந்த இடத்தில்தான் நம் நாவலாசிரியர் வருகிறார்.

டிம் லஹே சான் டியேகோ பகுதியில் 25 வருடம் பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற பழமைவாதக் கிறிஸ்தவ அரசியல் அமைப்பைத் தொடங்கியபோது அதன் நிர்வாகக் குழுவில் இருந்தார். அதே வருடம் அவர் மனைவி பெவர்லி லஹே பெண்ணியத்துக்கு எதிராக ஒரு பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 1981-இல் பழமைவாதத் தலைவர்களும் பணம் கொடுப்பவர்களும் மூடிய கதவுக்குள் சந்திக்கும் 'கவுன்சில் ஃபார் நேஷனல் பாலிசி' அமைப்பை உருவாக்கியவர்களில் லஹே முக்கியமானவர். இறுதிக்காலத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் சபைக்காரனை எப்படி வாக்குச்சாவடிக்குக் கொண்டுவருவது என்பது அவருக்கு உண்மையான சிக்கல். 1980-இல் எழுதிய கட்டுரை நூலில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்திக்கிறிஸ்துவின் உபத்திரவம் தவிர்க்க முடியாதது, சரி. ஆனால் அதற்கு முன்பே கடவுள் மறுப்பாளர்கள் கையில் நாடு போனால் வரும் உபத்திரவம் ஒன்று இருக்கிறது, அது தவிர்க்கக்கூடியது, ஓட்டால் தடுக்கலாம் என்றார். படகில் உட்கார்ந்திருப்பவன் கையில் துடுப்பைக் கொடுத்த மாதிரி. இவையெல்லாம் முதல் நாவலுக்கு ஏறத்தாழப் பதினைந்து வருடம் முந்தியவை. ஆகவே உங்கள் வீடியோ வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

நாவல் வந்தது 1995-இல். விமானத்தில் போகும்போது, கையில் கல்யாண மோதிரம் போட்ட விமானி ஒருவர் பணிப்பெண்ணிடம் வழிவதைப் பார்த்தேன், இந்த நிமிடமே இரகசிய வருகை நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன் என்று லஹே சொல்லியிருக்கிறார். எழுதியது அவர் இல்லை. விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதித் தேறிய ஜெர்ரி ஜென்கின்ஸ் எழுதினார். லஹே தீர்க்கதரிசனக் குறிப்புகளைக் கொடுத்தார். கதை அப்படியே விமானத்தில் தொடங்குகிறது. சிகாகோவிலிருந்து லண்டனுக்குப் போகும் ஜம்போ ஜெட். விமானியின் எண்ணம் மனைவி அல்லாத ஒருத்தி மேல். நடுவானில், இருட்டில், பத்துக் கணக்கான பயணிகள் காணாமல் போகிறார்கள். இருக்கைகளில் உடுப்பு மட்டும் கிடக்கிறது. பக்தியான மனைவியும் சின்ன மகனும் வீட்டிலிருந்து மறைந்துவிட்டார்கள் என்று அவருக்குப் பிறகு தெரிகிறது. இலக்கியமாகப் பார்த்தால் சாதாரண நடைதான், வசனங்கள் மரக்கட்டை. ஆனால் அந்த முதல் அத்தியாயம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய் அதே அடுப்பின் முன் நிறுத்தியது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு சின்னக் காட்சியைக் கவனியுங்கள். உலகம் முழுக்கக் குழந்தைகள் மறைந்துவிட்டன. சி.என்.என். ஒரு பிரசவ வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறது: நிறைமாதக் கர்ப்பிணியின் வயிறு கண்முன்னே தட்டையாகிறது. கருவில் இருந்த சிசுவையும் கடவுள் எடுத்துக்கொண்டார். கருக்கலைப்பு பற்றி ஒரு வரி விவாதம் இல்லை, ஆனால் கருவில் இருப்பது முழு உயிர் என்ற நிலைப்பாடு படமாக மனதில் உட்கார்ந்துவிடுகிறது. இதை மறுத்து வாதாட வாசகனுக்கு இடமே இல்லை. படம்தானே, அதோடு எப்படி வாதாடுவது?

வில்லன் நிக்கோலே கார்பேத்தியா இன்னும் தெளிவான உதாரணம். ருமேனியாக்காரர், அழகர், பல மொழி பேசுகிறவர். ஐ.நா. சபையில் உறுப்பு நாடுகளின் பெயர்களை எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்துக் கைதட்டல் வாங்கி, பொதுச்செயலாளர் ஆகிவிடுகிறார். ஒவ்வொரு நாடும் ஆயுதத்தில் 90 சதவீதத்தை அழித்துவிட்டு மீதியை ஐ.நா.விடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். இஸ்ரேலோடு ஏழு வருட சமாதான உடன்படிக்கை போடுகிறார். அவர்தான் அந்திக்கிறிஸ்து. நாவல் வரிசையின் உண்மையான அரசியல் வேலை எனக்குத் தெரிந்து இதுதான்: சமாதானம் பேசுகிறவனைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிறது. போர் வேண்டும் என்று எங்கேயும் சொல்வதில்லை. ஆயுதக் குறைப்பு, உலக நாணயம், மதங்களுக்கிடையே நல்லிணக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் 'இவன் யார்?' என்று உள்ளே ஒரு மணி அடிக்கும்படி செய்துவிடுகிறது. 2008-இல் ஒபாமாவைப் பற்றி 'இவர்தான் அவரோ' என்ற பேச்சு கிளம்பியதை நினைத்துப் பாருங்கள். பேச்சுத் திறன், வெளிநாடுகளில் வரவேற்பு, சமாதான வார்த்தைகள். எல்லாமே கார்பேத்தியாவின் அடையாளங்கள்.

பதினாறு நாவல்கள், 2007-இல் முடிந்தன, மொத்தம் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. ஒன்பதாவது பாகம் 2001-இன் அமெரிக்காவின் நம்பர் ஒன் நாவல். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அடுத்த மாதம் வெளிவந்தது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் விற்பனையைப் பெரிய பத்திரிகைகளின் பட்டியல்கள் அப்போது பெரும்பாலும் கணக்கில் எடுக்காததால், நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு வாசக உலகம் இருப்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. உண்மையில் இதற்குப் பாதை 1970-லேயே போட்டாகிவிட்டது. அந்த வருடம் ஹால் லிண்ட்சி, சோவியத் யூனியனையும் ஐரோப்பியப் பொதுச் சந்தையையும் வேதாகமத்தின் தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நூல்களோடு முடிச்சுப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். 1948-இல் இஸ்ரேல் பிறந்ததிலிருந்து ஒரு தலைமுறை, நாற்பது வருடம் போல, அதற்குள் எல்லாம் நடந்துவிடலாம் என்று கோடி காட்டினார். 1988 வந்தது, போனது. விற்பனை குறையவில்லை.

சரி, இதனால் ஓட்டு மாறியதா? இங்கே நிதானம் வேண்டும். ஒரு நாவல் எத்தனை ஓட்டை நகர்த்தியது என்று அளக்கும் தராசு யாரிடமும் இல்லை. ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள்தான் பெரும்பாலும் இதை வாங்கினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். எமி ஃப்ரிக்கோம் என்ற ஆய்வாளர் இந்த நாவல்களின் வாசகர்களை நேரில் பார்த்துப் பேசி 2004-இல் ஒரு நூல் எழுதினார். அதில் தெரியவருவது, மாமியார் கொடுத்ததால் படித்தவர், நம்பாமலே விறுவிறுப்புக்காகப் படித்தவர் என்று பல மாதிரி. எல்லோரும் ஆயுதம் தூக்கிக்கொண்டு உலக முடிவின் கடைசிப் போரான அர்மகெதோனுக்குக் காத்திருக்கவில்லை.

இன்னொரு வலுவான தடை: கறுப்பின அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள். மறுபிறப்பு, வேதாகமம், சீக்கிரம் வரும் இயேசு, எல்லாவற்றிலும் அவர்களில் மிகப் பலர் வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் நம்புவதையே நம்புகிறார்கள். ஓட்டு மட்டும் பெருவாரியாக ஜனநாயகக் கட்சிக்கு. 2016-இல் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பத்தில் எட்டுப் பேர் ட்ரம்புக்குப் போட்டார்கள் என்றால், அதை வருகைப் போதனையை மட்டும் வைத்து விளக்க முடியாது. இனம், தெற்கு மாநிலங்களின் வரலாறு, தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கு பறிபோகும் என்ற பயம், கருக்கலைப்பு, நீதிபதி நியமனம் எல்லாம் கணக்கில் வரும். இதில் எது முதல் காரணம் என்று வரலாற்றாசிரியர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிகளின் வரிவிலக்குதான் ஆரம்பம் என்று ராண்டல் பால்மர் வாதிடுகிறார். ஆதாரங்கள் நல்லவை என்றாலும் அது மட்டுமே என்று நான் சொல்லமாட்டேன்.

இஸ்ரேல் விஷயத்திலும் அப்படித்தான். 2018 மே 14 அன்று எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறந்தபோது தொடக்க ஜெபம் டல்லஸ் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், முடிவு ஜெபம் ஜான் ஹேகி. இந்த ஹேகி 2006-இல் இஸ்ரேல் ஆதரவுக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர். இறுதிக்கால எதிர்பார்ப்பு அவர் பேச்சில் தாராளமாக உண்டு. ஆனால் மேடையில் அவர் அதிகம் எடுப்பது ஆதியாகமம் 12:3: 'உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்.' அந்திக்கிறிஸ்து கதை தெரியாதவனுக்கும் இது புரியும்.

வீடியோக்காரர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ரீகன் மந்திரிசபையில் இயற்கை வளங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் வாட், 'கடைசி மரம் வெட்டப்பட்டதும் இயேசு வருவார்' என்று சொன்னதாக ஒரு மேற்கோள் சுற்றுகிறது. அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. 1981-இல் அவர் சொன்னது, கர்த்தர் வருமுன் இன்னும் எத்தனை தலைமுறை இருக்கும் என்று தெரியாது, எத்தனை ஆனாலும் அவர்களுக்குத் தேவையானதை விட்டுவைக்கும்படி நிர்வகிக்க வேண்டும் என்பது. முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் வேறு மனிதர் ஆகிவிடுகிறார். பொய் மேற்கோளைப் பயன்படுத்திய பில் மோயர்ஸ் என்ற மதிப்புள்ள பத்திரிகையாளர் 2005-இல் மன்னிப்பே கேட்டார்.

உண்மையில் செல்வாக்கு என்று பார்த்தால், நான் 'லெஃப்ட் பிஹைண்ட்'டைவிட 1986-இல் வந்த ஃபிராங்க் பெரெட்டியின் நாவலைத்தான் முன்னால் வைப்பேன். இது என் சொந்தக் கணிப்பு, நிரூபணம் கேட்காதீர்கள். ஒரு சின்ன கல்லூரி ஊர். அதை ஒரு புதுயுக ஆன்மிகக் கூட்டம் மெல்ல விலைக்கு வாங்குகிறது. மேலே கண்ணுக்குத் தெரியாமல் தேவதூதரும் பிசாசுகளும் வாள் சண்டை போடுகிறார்கள். கீழே விசுவாசிகள் ஜெபித்தால் தூதருக்குப் பலம் ஏறுகிறது, ஜெபம் நின்றால் குறைகிறது. முதலில் மெதுவாக விற்று, பாடகி ஏமி கிராண்ட் மேடையில் பேசியபின் பரவி, இருபது லட்சத்தைத் தாண்டியது. இதில் எதிராளி என்பவன் தவறான கருத்து உள்ள மனிதன் இல்லை, பிசாசின் கருவி. பேராசிரியரோ பேட்டை அரசியல்வாதியோ, பின்னால் ஒரு கரிய உருவம் நிற்கிறது. 2020 நவம்பரில் வாக்கு எண்ணிக்கை நடக்கும்போது ட்ரம்பின் ஆன்மிக ஆலோசகர் பாலா ஒயிட் ஆப்பிரிக்காவிலிருந்து தூதர்களை வரவழைத்து ஜெபித்த காட்சி உலகமெங்கும் கேலியாகப் பரவியது. பெரெட்டி படித்துத்தான் அவர் அப்படி ஜெபித்தார் என்று நான் சொல்லவரவில்லை. பெந்தெகொஸ்தே ஜெபத்தில் அந்த மொழி முன்பே உண்டு. ஆனால் தேர்தலை விண்ணுலகப் போராகப் பார்க்கும் கண் அமெரிக்க வாசகர்களுக்கு அவர் கதையில் ஏற்கெனவே பழகியிருந்தது.

கதையை அரசியலுக்குக் கருவியாக்குவது வலதுசாரிக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். இவாஞ்சலிக்கல் பிரசங்கியார் லைமன் பீச்சரின் மகள் ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1852-இல் அடிமைமுறைக்கு எதிராக எழுதிய நாவல் முதல் வருடமே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதி விற்றது. அதுவும் தேவகோபம் வரப்போகிறது என்ற எச்சரிக்கையோடுதான் முடிகிறது. 1896-இல் கான்சாஸ் மாநிலத்து டொபீகாவில் சார்ல்ஸ் ஷெல்டன் என்ற போதகர், ஞாயிறு மாலை ஆராதனைக்குக் கூட்டம் சேர்க்க வாரம் ஓர் அத்தியாயமாக ஒரு கதையை வாசித்தார். 'இயேசு என்ன செய்வார்?' என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வோம் என்று சில ஊர்க்காரர்கள் ஒரு வருடத்துக்குச் சபதம் எடுக்கும் கதை. பத்திரிகை ஆசிரியர் குத்துச்சண்டைச் செய்தியை நிறுத்துகிறார். ஏழைகள் குடியிருப்புக்குப் பணக்காரர்கள் போகிறார்கள்.

கடைசியாக, நம்மூர். இது நாவலிலிருந்து வரவில்லை, அதற்கு வெகுகாலம் முன்பே வந்தது. டார்பியின் அதே பிரதரன் வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்துவிட்டார். (1836-இல் அவர் டார்பிக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் நாளுக்கு நாள் குறுகிப்போகிறீர்கள் என்று கடிந்துகொண்டார் என்பது தனிக் கதை.) குரோவ்ஸின் சீடராகத் தேர்ந்தவர் நம் அருளப்பன், கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன். 1860-இல் திருநெல்வேலியில் எழுந்த எழுப்புதல் (சபைகளில் பரவும் பக்தி எழுச்சி) அவரைச் சுற்றித்தான் நடந்தது. அந்த அலை மேற்கே திருவிதாங்கூருக்கும் போயிற்று. அங்கே பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1875-இல், இன்னும் ஐந்தரை வருடத்தில், 1881-இல் இயேசு வருவார் என்று அறிவித்துத் தனிச் சபையே அமைத்தார். ஆக, டார்பி அமெரிக்கக் கரையில் கால் வைக்குமுன்பே பிரதரன் காற்று பொருநைக் கரையில் வீசிக்கொண்டிருந்தது. 1881-ம் கடந்துபோனது. ஊர்க்காரர்கள் அந்தச் சபைக்கு வைத்த பட்டப்பெயர் மட்டும் நின்றுவிட்டது: 'ஐந்தரை வேதக்காரர்'.